வெட்டுவதற்கு முன் எண்ணுகிறவர்கள்

மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து தென்கிழக்கே ஒரு மணி நேரம் காரில் போனால் டார்லிங் மலைத்தொடரின் ஜாரா காடு வந்துவிடும். துருநிறச் சரளை மண், கரிய பட்டை கொண்ட உயர்ந்த மரங்கள், அவற்றின் அடியில் முழங்கால் உயரத்துக்கும் இடுப்பு உயரத்துக்குமாகப் புதர்கள். அக்டோபர் மாதத்தில் அங்கே இரண்டு மூன்று பேர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான்கு மூலையில் குச்சி நட்டு, அளவுநாடாவால் ஒரு சதுரம் கட்டி, அதற்குள் இருக்கிற செடிகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதுவது அவர்கள் வேலை. பெயர் தெரியாவிட்டால் ஒரு கொப்பை நறுக்கிச் செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்திக்கொள்வார்கள். இன்னும் சில ஆண்டுகளில் அந்தச் சதுரம் இருக்கிற இடத்தில் காடு இருக்காது. அலுமினியத் தாதுவான பாக்சைட்டைத் தோண்டிய குழி இருக்கும்.

சுரங்கத்தைச் சுற்றியுள்ள மண்ணுக்குரிய தாவரங்களைக் கணக்கெடுப்பது என்பது வெளியிலிருந்து பார்த்தால் இவ்வளவுதான். சுரங்கத்துக்கான சுற்றுச்சூழல் அறிக்கையில் கடைசி இணைப்பாகப் பல நூறு பக்கத்துக்கு லத்தீன் பெயர்கள் போகும். பெரும்பாலானவர்கள் புரட்டக்கூட மாட்டார்கள். ஆனால் இரண்டு முடிவுகள் அந்தப் பட்டியலில்தான் தொங்கிக்கொண்டிருக்கின்றன. எந்த இடத்தில் தோண்டக்கூடாது என்பது ஒன்று. தோண்டி முடித்து மூடிய பிறகு, "காடு திரும்பி வந்துவிட்டது" என்று யாராவது சொன்னால் அது உண்மையா என்பது இன்னொன்று. முன்னால் எதை எண்ணினோமோ அதைத்தான் பின்னால் சரிபார்க்க முடியும். எண்ணாமல் விட்டது தொலைந்தால், தொலைந்தது என்றுகூட யாருக்கும் தெரியாது.

மண்ணுக்குரியது எது

நம் ஊரில் யூக்கலிப்டஸ் என்றாலே தைலமரம், வந்தேறி, நீரை உறிஞ்சுவது என்றுதான் பேச்சு. நீலகிரிக்கு அது 1840களில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. ஜாராவும் யூக்கலிப்டஸ்தான், தாவரவியல் பெயர் யூக்கலிப்டஸ் மார்ஜினேட்டா. டார்லிங் மலையில் அதுதான் மண்ணின் மரம். அதன் சிவந்த கட்டை அவ்வளவு உறுதி. 19ஆம் நூற்றாண்டில் லண்டன் தெருக்களில் பாவுகல்லுக்குப் பதிலாக ஜாரா கட்டைகளைப் பதித்தார்கள். இந்தியா உட்படப் பல நாடுகளின் தண்டவாளங்களுக்கு அடியிலும் அது சிலீப்பர் கட்டையாகப் படுத்திருந்தது.

அப்புறம் ஒரு வேடிக்கை. அங்கே பாக்சைட் தோண்டிய குழிகளில் 1960களிலும் 70களிலும் முதலில் நட்டவை பைன் மரங்களும் ஆஸ்திரேலியாவின் கிழக்கு மாநிலங்களைச் சேர்ந்த யூக்கலிப்டஸ் வகைகளும். ஒரே நாடு, ஒரே பேரினம். ஆனாலும் 3,000 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்த மரம் அந்தக் காட்டுக்கு அந்நியம்தான். ஜாராவையும் அதன் கூட்டாளியான மாரி மரத்தையும் திரும்ப விதைத்துக் காடாக்கும் வழக்கம் 1988 வாக்கில்தான் நிலைபெற்றது. ஆக, நாட்டு எல்லையை வைத்து மண்ணுக்குரியது எது என்று சொல்ல முடியாது. அந்தச் சரளை மேட்டில், அந்த மழையில், அந்த நெருப்பில் பழகிய செடி எது என்று பார்க்க வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளத்தான் கணக்கெடுப்பு.

அல்கோவா நிறுவனம் ஜாராடேலில் 1963இல் பாக்சைட் எடுக்க ஆரம்பித்தது. அதற்கு வழிவிட்ட ஒப்பந்தச் சட்டம் 1961ஆம் ஆண்டினது. ஜாராடேல் 1998இல் மூடப்பட்டது. ஹன்ட்லி, வில்லோடேல் சுரங்கங்கள் தொடர்ந்தன. இங்கே பாக்சைட் ஆழத்தில் இல்லை. மேல்மண்ணையும் சரளையையும் வழித்தெடுத்து, பாறையாக இறுகிய மேலோட்டை உடைத்தால் சராசரியாக நாலைந்து மீட்டர் தடிமனில் தாது. அதனால் ஒரே பெருங்குழியாக இறங்காமல், காட்டுக்குள் அங்கங்கே திட்டுத்திட்டாகத் தோண்டிக்கொண்டே நகர்கிறார்கள். 2000களில் ஆண்டுக்குச் சுமார் 550 ஹெக்டேர் காடு இப்படி வெட்டப்பட்டு, அதே அளவு நிலம் மறுபக்கம் மூடப்பட்டுக்கொண்டிருந்தது. கணக்கெடுப்பவர்கள் எப்போதும் இயந்திரத்துக்குச் சில ஆண்டுகள் முன்னால் நடந்துகொண்டிருக்க வேண்டும்.

காட்டை எழுத்தாகப் படிப்பது

மேற்கு ஆஸ்திரேலியாவின் அந்தத் தென்மேற்கு மூலை உலகின் பல்லுயிர்ச் செழிப்பிடங்களில் ஒன்று. ஏறக்குறைய 8,000 வகைத் தாவரங்கள்; கிட்டத்தட்டப் பாதி உலகில் வேறெங்கும் இல்லாதவை. வடக்கு ஜாரா காட்டில் மட்டும் 700க்கும் மேல். உயரமான மரம் என்று பார்த்தால் ஜாராவும் மாரியும்தான். அதனால் சாலையிலிருந்து பார்க்கிறவருக்கு எல்லா இடமும் ஒரே காடு. வித்தியாசமெல்லாம் முழங்காலுக்குக் கீழே.

மேற்கு ஆஸ்திரேலிய வனத்துறையில் இருந்த ஜே. ஜே. ஹாவல் 1975இல் ஒரு முறையை வகுத்தார். எந்தெந்தச் செடிகள் எந்தெந்தச் செடிகளோடு சேர்ந்து நிற்கின்றன என்று பார்த்தால், அடியில் மண் எப்படி, ஈரம் எவ்வளவு, சத்து எவ்வளவு என்று சொல்லிவிடலாம் என்பது அவர் கண்டது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஆங்கில எழுத்து ஒன்றைக் குறியீடாகக் கொடுத்தார். சரளை மேடுகளுக்குச் சில எழுத்துகள், ஈரத் தாழ்வுகளுக்குச் சில, மண் ஆழமில்லாத கருங்கல் திட்டுக்கு ஒன்று. பழகிய தாவரவியலாளர் கட்டம் கட்டமாகக் காட்டில் நடந்து, நின்ற இடத்தில் சுற்றிப் பார்த்து, எழுத்தைக் குறித்துக்கொண்டே போவார். நம் விவசாயிகள் கோரையைக் கண்டால் நீர் தேங்கும் நிலம் என்று சொல்லிவிடுகிற மாதிரிதான் இதுவும். ஒரே செடிக்குப் பதிலாகப் பல செடிகளைச் சேர்த்துப் பார்ப்பதுதான் வேறுபாடு. இந்த எழுத்து வரைபடம் கையில் இருந்தால்தான், பின்னால் குழியை மூடும்போது எந்தத் திட்டில் எந்த விதைக்கலவை என்று யோசிக்கவாவது முடியும்.

எழுத்து போடுவது மேலோட்டமான பார்வை. சதுரம் கட்டுவது நுணுக்கமான பார்வை. சதுரத்தின் அளவு இடத்துக்கு இடம் மாறும். பெர்த்தை ஒட்டிய கடற்கரைச் சமவெளியில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். உள்நாட்டு இரும்புக்கல் குன்றுகளில் 20க்கு 20. மாநிலத்தின் வடக்கே வறண்ட பில்பரா வட்டாரத்தில் 50க்கு 50. செடிகள் நெருக்கமாக, சிறிதாக இருந்தால் சின்னச் சதுரத்திலேயே நிறைய வகை சிக்கும். பாலையில் அதே சதுரத்தைக் கட்டினால் ஒரு புதரும் கொஞ்சம் புல்லும் மிஞ்சும். ஒவ்வொரு சதுரத்திலும் வகைப் பெயர், உயரம், தரையில் எத்தனை விழுக்காட்டை அது மூடியிருக்கிறது, மண், சரிவு, கடைசியாக எப்போது தீப்பட்டது என்பதெல்லாம் பதிவாகும்.

நிலத்தின் நலத்துக்கும் ஒரு குறிப்பு உண்டு. 1994இல் வந்த கீகரி அளவுகோல் மாசுமறுவற்ற நிலையிலிருந்து முற்றிலும் சீரழிந்த நிலை வரை ஆறு படிகள் வைத்திருக்கிறது. இது கண்ணால் பார்த்துச் சொல்வது. ஒருவருக்கு 'மிக நன்று' என்று படுவது இன்னொருவருக்கு 'நன்று' என்று படலாம். அறிக்கையில் அந்த ஒரு படி கீழே இறங்கினால், அந்த நிலத்தை விட்டுக்கொடுப்பது எவ்வளவு எளிதாகிவிடும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

எப்போது போகிறோம் என்பதே பாதி வேலை

இந்தத் தொழிலில் திரும்பத் திரும்ப நடக்கிற தவறு, தப்பான மாதத்தில் போவது. தென்மேற்கில் மழை குளிர்காலத்தில், பூ வசந்தத்தில். அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆணையம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் அங்கே வசந்தத்தில்தான் முதன்மைக் கணக்கெடுப்பு நடக்க வேண்டும் என்கிறது. அந்த மண்ணின் நூங்கார் மக்கள் ஆண்டை ஆறு பருவமாகப் பிரிக்கிறார்கள். அக்டோபர், நவம்பர் மாதங்களுக்கு அவர்கள் வைத்த பெயர் கம்பராங், பூக்களின் பருவம். வழிகாட்டுதல் பல பக்கங்களில் சொல்வது அந்த ஒரு சொல்லுக்குள் எப்போதோ அடங்கிவிட்டது.

பூ ஏன் இவ்வளவு முக்கியம்? பூவோ காயோ இல்லாமல் பல செடிகளை இன்ன வகை என்று உறுதியாகச் சொல்லவே முடியாது. நிலத்து ஆர்க்கிட்கள் கோடை முழுதும் மண்ணுக்குள் கிழங்காகக் கிடக்கும். மழை பொய்த்த ஆண்டில் சில வெளியே தலைகாட்டாது. சில செடிகள் தீப்பட்ட மறு ஆண்டு மட்டும் முளைத்து, இரண்டு மூன்று ஆண்டு பூத்து, விதையை மண்ணில் போட்டுவிட்டு மறைந்துவிடும். இருபது வருடமாகத் தீ காணாத காட்டில் சதுரம் கட்டி உட்கார்ந்தால் அவை பட்டியலில் வரவே வராது. ஆனால் அவை அங்கேதான் இருக்கின்றன, விதையாக.

இந்தக் கண்ணாமூச்சிக்கு எல்லை எது என்று கேட்டால், நிலத்தடி ஆர்க்கிட்டைத்தான் சொல்வேன். ரைசாந்தெல்லா கார்ட்னெரி என்று பெயர். பச்சையமே கிடையாது, பூப்பதும் மண்ணுக்கடியில். 1928இல் காரிகின் என்ற ஊரருகே ஒரு விவசாயியின் கண்ணில்தான் அது முதன்முதலாகப் பட்டது. எந்தக் கணக்கெடுப்புக் குழுவும் நடந்து போய் அதைப் பார்த்துவிட முடியாது. சேர்ந்து வாழ்கிற புதரின் அடியில் மண்ணை விலக்கித் தேட வேண்டும்.

நம் பக்கம் நிலைமை என்ன? இந்தியாவில் 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் நடக்கும் ஆய்வுகளில், பெரும்பாலான சுரங்கங்களுக்கு மழைக்காலம் தவிர்த்த ஒரே ஒரு பருவத்தின் அடிப்படைத் தரவு போதும் என்பது நடைமுறை. காற்றின் தூசை அளக்க அது பொருத்தமாக இருக்கலாம். செடிக்கு? மழைக்குப் பின் முளைத்துப் பூத்து, பங்குனி வெயிலுக்கு முன் கருகிவிடும் சிறு பூண்டுகளை வெயில்காலத்தில் போய்த் தேடினால், வேம்பும் வேலிக்கருவையும்தான் கிடைக்கும். "குறிப்பிடத்தக்க தாவரம் எதுவும் இல்லை" என்று எழுதுவதற்கு அதைவிடச் சௌகரியமான மாதம் இல்லை.

காலில் ஒட்டி வருவது

ஜாரா காட்டில் கணக்கெடுப்பவர் செடியைத் தேடும்போதே ஒரு நோயையும் தேட வேண்டும். பைட்டோப்தோரா சின்னமோமி என்ற நுண்ணுயிர் அது. பூஞ்சை மாதிரி தெரியும், ஆனால் பூஞ்சை இல்லை. நீரில் நீந்தும் வித்துகளை விடுகிற வேறு குலம். 1922இல் சுமத்ராவில் இலவங்கப்பட்டை மரங்களில் விவரிக்கப்பட்டதால் அந்தப் பெயர். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர்களுக்கு இதன் உறவுக்காரனைத் தெரியும். கொடியை வேரோடு அழுகவைக்கும் வாடல் நோய் இதே பைட்டோப்தோரா பேரினத்தின் வேலை. நீலகிரி உருளைக்கிழங்கைக் கருகவைப்பதும் இந்தக் குடும்பம்தான்.

ஜாரா மரங்கள் கூட்டம் கூட்டமாகச் சாவதைப் பல பத்தாண்டுகளாகப் பார்த்திருந்தும் காரணம் புரியாமல் இருந்தது. 1960களின் நடுவில்தான் பிராங்க் பாட்ஜர் இந்த நுண்ணுயிர்தான் குற்றவாளி என்று காட்டினார். தென்மேற்கின் தாவர வகைகளில் ஏறத்தாழ 40 விழுக்காடு இதற்கு இரையாகக்கூடியவை. லாரிச் சக்கரத்தின் மண்ணில், புல்டோசர் தகட்டில், நடப்பவரின் பூட்ஸில் ஒட்டிக்கொண்டு இடம் மாறும். ஒரு தடவை வந்துவிட்டால் அந்த மண்ணிலிருந்து அதை அகற்ற வழியில்லை.

எனவே சுரங்கப் பாதை போடும் முன், எந்த மண் நோயுள்ளது, எது சுத்தமானது என்று வரைபடம் வேண்டும். நுண்ணுயிரைக் கண்ணால் காண முடியாது. அதனால் முதலில் சாகிற செடிகளைப் பார்க்கிறார்கள். பெரிய பாங்க்சியா, பல்கா என்கிற புல்மரம், பெர்சூனியா என்று சில உண்டு. பாங்க்சியா செத்திருக்கிறதா, ஒன்றா, வரிசையாகவா, சரிவில் நீர் இறங்கும் திசையிலா என்று பார்த்து, வேரும் மண்ணும் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். முடிவில் நிலம் மூன்று வண்ணம் பெறும்: நோயுள்ளது, நோயற்றது, படிக்க இயலாதது. மூன்றாவது வண்ணம் எனக்குப் பிடித்தது. சாட்சி சொல்லும் செடி எதுவுமே நிற்காத இடத்தில், தெரியவில்லை என்பதை வரைபடத்திலேயே ஒரு நிறமாகப் பூசிவிடுகிறார்கள். அரசு அறிக்கைகளில் இப்படிப்பட்ட நேர்மை அபூர்வம்.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. நோய் பரவ ஏற்ற காலம், மண் ஈரமும் இளஞ்சூடுமாக இருக்கும் வசந்தம். பூ பார்க்க ஏற்ற காலமும் அதே வசந்தம். காட்டைக் காப்பாற்றப் பட்டியல் எடுக்கப் போகிறவரே காட்டுக்கு எமனாகிவிடலாம். அதனால் வண்டியைக் கழுவி, பூட்ஸைத் தேய்த்துக் கிருமிநாசினி தெளித்து, சுத்தமான பகுதியை முதலில் முடித்துவிட்டுத்தான் நோயுள்ள பகுதிக்குள் கால் வைக்க வேண்டும் என்பது விதி.

பின்னத்தின் கீழ் எண்

பெர்த்துக்குக் கிழக்கே சில நூறு கிலோமீட்டர் உள்ளே போனால் காட்சி மாறும். சமவெளியில் தீவுகள் போல இரும்புக்கல் குன்றுகள். இரும்புத் தாதுக்காகத் தோண்டுகிறவர்களுக்கும் தாவரவியலாளர்களுக்கும் கண் ஒரே பாறையில்தான். டெட்ராதீக்கா என்ற ஒரு பேரினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இளஞ்சிவப்புப் பூ பூக்கும் சிறு புதர்கள். விண்டார்லிங் குன்றில் ஒரு வகை, கூலியனாபிங் குன்றில் ஒரு வகை, ஜாக்சன் மலையில் ஒன்று, ஹெலினா–அரோரா குன்றுகளில் இலையே இல்லாத இன்னொன்று. பங்காளிகள் தனித்தனியே வீடு கட்டிக்கொண்ட மாதிரி ஆளுக்கொரு குன்று. பாறை இடுக்கில் வேர்விட்டு அங்கேயே கிடக்கின்றன.

இந்த இடத்தில் சதுரம் போதாது. குறிப்பிட்ட ஒரு செடியைத் தேடி, சில மீட்டர் இடைவெளியில் இணையாக நடந்து, ஒவ்வொரு தனிச் செடியையும் ஜிபிஎஸ்ஸில் குறிக்கிறார்கள். முடிவில் ஒரு பின்னம் கிடைக்கும்: மேலே, சுரங்கத்தால் அழியப்போகும் செடிகள்; கீழே, உலகத்தில் இருப்பதாகத் தெரிந்த மொத்தச் செடிகள். சட்டப் பேச்செல்லாம் இந்தப் பின்னத்தைச் சுற்றித்தான்.

கீழ் எண் எப்படி வருகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். யாரும் தேடாததால்தான் பல செடிகள் அரிய செடிகளாகத் தெரிகின்றன. ஒரு நிறுவனம் தன் குத்தகை நிலத்துக்கு வெளியே, சுற்றுவட்டாரக் குன்றுகளிலும் ஆள் விட்டுத் தேடினால் கீழ் எண் பெருகும், விழுக்காடு சுருங்கும். இதில் மோசடி எதுவும் இல்லை. அறிவு உண்மையாகவே கூடுகிறது, இனத்துக்கும் அது நல்ல செய்திதான். ஆனால் தேடுகிற உழைப்பு சுரங்கம் வரப்போகிற இடத்தைச் சுற்றியே குவிவதால், தாது இல்லாத குன்றில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆள் இருப்பதில்லை. அந்தப் பகுதியின் தாவரங்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு, எங்கே தோண்டலாம் என்ற கேள்விக்குத் துணையாக வந்த அறிவு.

சில நேரம் பின்னம் எவ்வளவு சுருங்கினாலும் போதாமல் போகும். ஹெலினா–அரோரா குன்றுகளில் இரும்புத் தாது எடுக்கும் திட்டத்தை ஏற்க வேண்டாம் என்று ஆணையம் பரிந்துரைத்தது. 2018இல் மாநில அரசும் அந்தத் திட்டத்தை நிராகரித்தது. வேறெங்கும் இல்லாத அங்குள்ள செடிகளின் பட்டியல்தான் அந்த வாதத்துக்கு முதுகெலும்பு. விண்டார்லிங் குன்றில் கதை வேறு மாதிரி முடிந்தது. அந்தக் குன்றுக்கென்றே ஒரு டெட்ராதீக்கா இருந்தும், நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்து, குன்றின் ஒரு பகுதி தாதுவாகக் கப்பல் ஏறியது.

நூறு விழுக்காடு

மீண்டும் ஜாரா காட்டுக்கு வருவோம். இந்தக் கணக்கெடுப்புகளின் பயன் தெரிகிற இடமும் அதன் எல்லை தெரிகிற இடமும் அதுதான்.

குழியை மூடும்போது அங்கே மேல்மண்ணைப் பொன்போலக் கையாளுகிறார்கள். விதைகள் பெரும்பாலும் மேல் சில சென்டிமீட்டரிலேயே இருக்கின்றன. குவித்து வைத்தால் மக்கிவிடும். அதனால் ஒரு திட்டில் வழித்த மண்ணைக் கூடியமட்டும் உடனே, மூடுகிற இன்னொரு திட்டில் பரப்புவார்கள். அதன் மேல் ஏறக்குறைய நூறு வகை உள்ளூர் விதைகளைத் தூவுவார்கள். முளைக்க மறுக்கும் விதைகளுக்குப் புகை காட்டுவார்கள். தீக்குப் பழகிய செடிகளை எழுப்புவது சூடு மட்டும் இல்லை, புகையும்தான் என்று 1990இல் தென் ஆப்பிரிக்காவில் கண்டார்கள். புகையில் அதைச் செய்கிற வேதிப்பொருளை 2004இல் மேற்கு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் பிரித்தெடுத்தார்கள். அந்த வகைச் சேர்மங்களுக்குக் கரிக்கின் என்று பெயர். நூங்கார் மொழியில் 'கரிக்' என்றால் புகை. நம் கரியோடு ஓசை ஒத்துப்போவது தற்செயல்தான், இருந்தாலும் படிக்கும்போது ஒரு கணம் நின்றுவிட்டேன்.

இத்தனையும் செய்து, 2001இல் ஒரு மைல்கல்லைத் தொட்டார்கள். மூடிய 15 மாதத்துக்குப் பின் எண்ணிப் பார்த்தபோது, அங்கே இருந்த உள்ளூர்த் தாவர வகைகளின் சராசரி எண்ணிக்கை, வெட்டாத காட்டில் அதே அளவு நிலத்தில் இருப்பதற்குச் சமம். நூறு விழுக்காடு. உலகத்தில் சுரங்கம் மூடிய இடங்களில் இது பெரிய சாதனை. குறைத்துச் சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டில் மூடிய சுண்ணாம்புக்கல் குழிகளின் ஓரத்தில் வரிசையாக நிற்கும் சவுக்கையும் தைலமரத்தையும் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

ஆனால் அந்த நூறு எதன் நூறு? வகைகளின் எண்ணிக்கை. காட்டுச் சதுரத்தில் 60 பெயர் என்று வைத்துக்கொள்வோம், மூடிய திட்டிலும் 60 பெயர். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெயர்கள் அப்படியே ஒன்றுமேல் ஒன்று உட்காராது. புதிதாகக் கிளறிய மண்ணில் வேல வகைகளும் பயற்றுக் குடும்பத்துப் புதர்களும் தீக்குப் பின் வருகிற குறுவாழ்நாள் செடிகளும் உற்சாகமாக முளைக்கின்றன. மூல காட்டில் அடியிலிருந்து துளிர்த்துத் துளிர்த்துப் பல பத்தாண்டு வாழும் செடிகள் குறைகின்றன. அவை விதை போடுவதே அபூர்வம். கோரையை ஒத்த சில வகைகள் விதையிலிருந்து வர அடம்பிடிக்கும். அவற்றைத் திசு வளர்ப்பிலும் கொப்பு நட்டும் உண்டாக்கி, நாற்றுநாற்றாகக் கொண்டுபோய் நடுகிறார்கள். முதலில் முளைத்தவையே பல ஆண்டு கழித்தும் ஆதிக்கம் செலுத்துகின்றன என்று நீண்டகாலக் கண்காணிப்புகள் காட்டின. காடு தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட முடியவில்லை.

15 மாதம் என்பதையும் நினைத்துப் பாருங்கள். ஒரு பல்கா தண்டு ஆண்டுக்கு ஓரிரு சென்டிமீட்டர்தான் உயரும். ஆள் உயரத்துக்கு நிற்கிற ஒன்று நூறு வயதைத் தாண்டியதாக இருக்கலாம். கருங்காக்கட்டூ என்ற கிளியினம் கூடு வைக்கும் பொந்து, நூற்றாண்டு தாண்டிய மரத்தில்தான் உண்டாகும். தாவரப் பட்டியலில் பொந்துக்குக் கட்டம் இல்லை.

இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் வெட்டாத காடே மாறிக்கொண்டிருக்கிறது. தென்மேற்கில் 1970களிலிருந்து குளிர்கால மழை தெளிவாகக் குறைந்துவிட்டது. 2010–11 வறட்சியில் ஜாரா காட்டில் திட்டுத்திட்டாக மரங்கள் காய்ந்தன; 2024இல் மீண்டும் அதே காட்சி. அந்த ஆண்டுதான் மாநில அரசு இயற்கைக் காடுகளில் மர வணிக வெட்டை நிறுத்தியது. சுரங்கத்துக்காக வெட்டுவது அந்தத் தடையில் அடங்கவில்லை. முப்பது வருடம் முன்பு எண்ணிய சதுரத்தை அளவுகோலாக வைப்பதா, இன்று வாடி நிற்கும் சதுரத்தை வைப்பதா என்ற கேள்விக்கு வழிகாட்டுதல்களில் சுலபமான பதில் இல்லை.

செய்தித்தாளுக்குள் இருப்பது

கணக்கெடுப்புக்குப் பணம் கொடுப்பது சுரங்கம் தோண்ட விரும்பும் நிறுவனம். அங்கும் அப்படித்தான், இங்கும் அப்படித்தான். இதை முழுதாகச் சரிசெய்யும் வழியை யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் ஒன்று செய்யலாம்: தரவைப் பூட்டி வைக்க விடாமல் பார்த்துக்கொள்ளலாம். மேற்கு ஆஸ்திரேலியாவில் 2018 முதல், மதிப்பீட்டுக்காக எடுத்த பல்லுயிர்க் கணக்கெடுப்பின் தரவைப் பொதுத் தொகுப்பில் ஒப்படைக்க வேண்டும். ஒரு நிறுவனத்துக்காக எண்ணிய சதுரத்தை இன்னொருவர் எடுத்துச் சரிபார்க்கலாம். தவறு இருந்தால் கண்ணில் படும்.

அதற்கும் முந்தைய, எளிய பாதுகாப்பு ஒன்று இருக்கிறது. ஆரம்பத்தில் சொன்ன செய்தித்தாள். அழுத்தி உலர்த்திய கொப்பு, பெர்த்தில் உள்ள மேற்கு ஆஸ்திரேலிய ஹெர்பேரியம் என்ற உலர்செடிக் காப்பகத்துக்குப் போகிறது. அட்டையில் ஒட்டி, சேகரித்தவர், தேதி, மண், கூட நின்ற செடிகள், இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் எழுதி அலமாரிக்குள் வைத்துவிடுவார்கள். கணக்கெடுத்தவர் பெயரைத் தவறாகச் சொல்லியிருந்தாலும், இருபது வருடம் கழித்து அந்தக் குடும்பத்தை ஆராய்கிற ஒருவர் அட்டையை எடுத்துப் பார்த்து, இது வேறு, இதற்கு இன்னும் பெயரே வைக்கவில்லை என்று சொல்வார். இரும்புக்கல் குன்றுகளின் செடிகளில் பலவற்றுக்கு இப்படித்தான் தாமதமாகப் பெயர் கிடைத்தது.

அந்த அட்டைகளில் சிலவற்றின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை எடுத்துக்கொண்டு இன்று அங்கே போனால், நிற்கத் தரை இருக்காது. எண்கள் குறிக்கும் புள்ளி, குழியின் நடுவே வெறும் காற்றில் இருக்கும்.